கடற்கொள்ளை: சட்டம் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடியக்கரைக்கு அப்பால் மீனவர்களின் வலையைப் பறித்துக்கொண்டு போனாலும் "கடற்கொள்ளையர் அட்டகாசம்" என்றுதான் செய்தி வரும். சோமாலியாவுக்கு அப்பால் எண்ணெய்க் கப்பலைக் கடத்தினாலும் அதே சொல்தான். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் வீட்டார், மீன்பிடித் துறைமுகத்துக்காரர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டு போனால் ஒன்று புரியும்: கடற்கொள்ளையன் யார் என்று சொல்வதிலும் அவனைப் பிடிப்பதிலும் சட்டத்துக்குப் பெரிய சிக்கல் இல்லை. பிடித்தவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது என்பதில்தான் அது தடுமாறுகிறது.

சட்டப்படி கடற்கொள்ளை என்றால் என்ன?

1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-ஆம் பிரிவு இதற்கு விளக்கம் தருகிறது. 1958-இல் ஜெனீவாவில் எழுதியதைத்தான் பெரிய மாற்றமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எளிமையாகச் சொன்னால், ஒரு தனியார் கப்பலிலோ விமானத்திலோ வருகிறவர்கள், தங்கள் சொந்த நோக்கத்துக்காக, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில், வேறொரு கப்பல் மீது நடத்தும் வன்முறை, சிறைபிடிப்பு அல்லது சூறையாடல்.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. தனியார் கப்பல், சொந்த நோக்கம், நாடுகளின் எல்லைக்கு வெளியே உள்ள கடல், வேறொரு கப்பல். நாலில் ஒன்று குறைந்தாலும் அது கடற்கொள்ளை இல்லை. வேறு ஏதோ குற்றமாக இருக்கலாம், கொலையாகக்கூட இருக்கலாம், ஆனால் இந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது.

பெயரில் என்ன இருக்கிறது? கொள்ளை கொள்ளைதானே?

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணமாக நடுக்கடலில் ஒரு கப்பல் மீது அதிகாரம் செலுத்தக்கூடியது அதன் கொடி நாடு, அதாவது அது பதிவாகியுள்ள நாடு மட்டும்தான். பனாமா கொடி பறந்தால் பனாமாவின் சட்டம். அடுத்த நாட்டுக் கடற்படை அனுமதியில்லாமல் ஏறிச் சோதனை போட முடியாது. கடற்கொள்ளை என்று வந்துவிட்டால் அந்த வேலி விழுந்துவிடும். எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கொள்ளையரைப் பிடிக்கலாம், பிடித்த நாட்டின் நீதிமன்றமே தண்டனையும் கொடுக்கலாம். 105-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

கொள்ளையன் இந்தோனேசியக்காரன், கப்பல் ஜப்பானியருடையது, கொடி பனாமா, பிடித்தது இந்தியா. இப்படி இருந்தாலும் இந்தியா வழக்கு நடத்தலாம் என்பதுதான் இதன் பொருள். உதாரணத்தைச் சும்மா சொல்லவில்லை. இது நிஜமாகவே நடந்தது, கீழே வருகிறது.

"நாடுகளின் எல்லைக்கு வெளியே" என்றால் எத்தனை மைல்?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் ஆட்சிக்கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதற்கு அப்பால், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் கரையோர நாட்டுக்குச் சொந்தம் என்றாலும், கடற்கொள்ளை விஷயத்தில் அதுவும் பொதுக்கடல் மாதிரிதான். 58-ஆம் பிரிவு அதைச் சேர்த்துவிடுகிறது. ஆகவே கோடு 200-இல் இல்லை, 12-இல் இருக்கிறது. பதினோராவது மைலில் கத்தியைக் காட்டி மிரட்டினால் அது அந்த நாட்டின் உள்ளூர்க் குற்றம். பதின்மூன்றாவது மைலில் அதே கத்தி, அதே மிரட்டல், உலக நாடுகள் எல்லாம் தலையிடக்கூடிய குற்றம்.

பன்னிரண்டு மைலுக்குள் நடப்பதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு "கப்பல்கள் மீதான ஆயுதக் கொள்ளை" என்று தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் ராத்திரி நேரத்தில் கப்பலில் ஏறி எஞ்சின் உதிரிபாகங்களைத் திருடிக்கொண்டு போகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த வகைதான். நீரிணை அவ்வளவு குறுகல், பொதுக்கடல் என்று சொல்ல அங்கே இடமே அதிகமில்லை. அதனால்தான் அந்தப் பகுதி நாடுகள் 2004-இல் ரீகாப் என்ற தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சிங்கப்பூரில் தகவல் மையம் வைத்து நடத்துகின்றன.

அப்படியென்றால் நாகப்பட்டினம், வேதாரண்யம் மீனவர்களிடம் வலையும் ஜிபிஎஸ்ஸும் பறிப்பது?

இடத்தைப் பொறுத்தது. பாக் நீரிணைப் பகுதியில் 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் இந்தியாவின் இறையாண்மை, அந்தப் பக்கம் இலங்கையின் இறையாண்மை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் கிடையாது. அதனால் அங்கே முகமூடி போட்டுக்கொண்டு பைபர் படகில் வந்து மீனவர்களை அரிவாளால் வெட்டி, வலை, எஞ்சின், செல்போன், பிடித்த மீன் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது சர்வதேசச் சட்டப்படி கடற்கொள்ளை ஆகாது. நம் பக்கத்தில் நடந்திருந்தால் அது இந்தியச் சட்டப்படி கொள்ளை, கொலை முயற்சி. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வழக்குப் பதிகிறது.

வடக்கே, வங்கக் கடல் விரிந்துபோகும் இடத்தில், 12 மைலைத் தாண்டி நடந்திருந்தால் கதை மாறும். அங்கே அது உடன்படிக்கையின் அர்த்தத்திலேயே கடற்கொள்ளையாகலாம். அதனால் புகார் கொடுக்கும்போது "கோடியக்கரைக்குத் தென்கிழக்கே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்வது வழக்குக்கு நல்லது. ஜிபிஎஸ்ஸையே பறித்துக்கொண்டு போன பிறகு எங்கே போய் அதைப் பார்ப்பது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் மீன்பிடிக்கும் இடத்தை அவ்வப்போது வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்குச் சொல்லி வைக்கும் பழக்கம் உதவுகிறது.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போவதும் கடற்கொள்ளையா?

இல்லை. மேடையில் அப்படிப் பேசலாம், சட்டத்தில் நிற்காது. அரசாங்கக் கப்பல் செய்வது கடற்கொள்ளை ஆகாது. கடற்படைக் கப்பலின் மாலுமிகளே கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு கொள்ளையில் இறங்கினால் மட்டும் விதிவிலக்கு. அத்துமீறல், அடி உதை, துப்பாக்கிச் சூடு என்றால் அவற்றுக்குப் பொறுப்பு அந்த அரசுடையது, கேட்க வேண்டிய வழியும் வேறு.

பயணியாக ஏறி உள்ளேயிருந்தே கப்பலைக் கடத்தினால்?

இங்கேதான் பழைய சட்டத்தில் ஓட்டை. 1985 அக்டோபரில் அகிலே லாரோ என்ற இத்தாலிய உல்லாசக் கப்பலை நாலு பாலஸ்தீன ஆயுததாரிகள் பயணிகளாக ஏறிக் கடத்தினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அமெரிக்க முதியவரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். உலகமே கொதித்தது. ஆனால் இது கடற்கொள்ளையா என்று பார்த்தால், இரண்டாவது கப்பலே இல்லை. நோக்கமும் அரசியல்.

அந்த ஓட்டையை அடைக்க 1988-இல் ரோம் நகரில் புதிய உடன்படிக்கை போட்டார்கள். கடல் பயணத்தின் பாதுகாப்புக்கு எதிரான சட்டவிரோதச் செயல்களை ஒடுக்கும் உடன்படிக்கை என்று நீண்ட பெயர், கப்பல்காரர்கள் சுருக்கமாக "சுவா" என்பார்கள். இதற்கு இரண்டு கப்பல் தேவையில்லை, நோக்கம் என்ன என்ற கேள்வியும் இல்லை. கையில் கிடைத்த குற்றவாளியை ஒன்று விசாரி, இல்லாவிட்டால் விசாரிக்கத் தயாராக உள்ள நாட்டிடம் ஒப்படை என்கிறது. இந்தியா இதற்காக 2002-இல் சட்டம் இயற்றியது.

ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹவுதிகள் கப்பலைப் பிடித்தது கடற்கொள்ளையா, இல்லையா?

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்தார்கள். 25 மாலுமிகள் 2025 ஜனவரி வரை பிடியில் இருந்தார்கள். பணம் கேட்டுப் பிடிக்கவில்லை, காசாவைக் காரணம் காட்டிப் பிடித்தார்கள். "சொந்த நோக்கம்" என்பதற்குள் இது வருமா?

சட்ட வல்லுநர்கள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, சொந்த நோக்கம் என்றால் பண ஆசை, பகை போன்றவை. அரசியல் நோக்கம் அதில் சேராது. மறு கட்சிக்கு, எந்த அரசின் அதிகாரமும் பெறாமல் செய்வது எல்லாமே சொந்த நோக்கம்தான். ஜப்பானியத் திமிங்கில வேட்டைக் கப்பல்களை மறித்த சீ ஷெப்பர்ட் அமைப்பு தொடர்பான வழக்கில் 2013-இல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தது: நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, பணத்துக்காக இல்லாவிட்டாலும் சரி, கடற்கொள்ளை கடற்கொள்ளைதான் என்றது. எனக்கும் இரண்டாவது கட்சியின் வாதம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் ஹவுதிகள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஏமனின் தலைநகரையே கையில் வைத்திருக்கும் கூட்டத்தை "தனியார்" என்று எடுத்துக்கொள்வதா என்று கேட்டால் யாரும் சட்டென்று பதில் சொல்வதில்லை.

ஏறவே முடியாமல் திரும்பிப் போனாலும் குற்றமா?

குற்றம்தான். 1931-இல் சீனப் படகுகள் இரண்டு இன்னொரு சரக்குப் படகைத் துரத்திச் சுட்டன, கொள்ளையடிக்க முடியவில்லை. துரத்தியவர்கள் ஹாங்காங்கில் விடுதலையானார்கள். அன்றைய பிரிட்டிஷ் காலனிகளுக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1934-இல், முயற்சி தோற்றாலும் அது கடற்கொள்ளையே என்று சொல்லி முடித்துவிட்டது.

யார் வேண்டுமானாலும் கொள்ளையரைப் பிடிக்கலாமா?

போர்க்கப்பல், ராணுவ விமானம், அரசுப் பணியில் இருப்பதாக வெளிப்படையாக அடையாளமிட்ட கப்பல். இவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை. சரக்குக் கப்பல் தன்னைக் காத்துக்கொள்ளலாம், துரத்திப் போய்ப் பிடிக்க முடியாது.

போர்க்கப்பலுக்கும் ஒரு தடை உண்டு. துரத்திக்கொண்டே போகும்போது கொள்ளையன் ஏதாவது ஒரு நாட்டின் 12 மைலுக்குள் நுழைந்துவிட்டால் நின்றுவிட வேண்டும். சோமாலியக் கொள்ளையர்களுக்கு இது வசதியாகப் போயிற்று: வெளியே வந்து அடிப்பது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்வது. கரையில் அவர்களைக் கேட்கும் அளவுக்கு வலுவான அரசாங்கம் இல்லை. அதனால்தான் 2008 ஜூன் 2 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 1816-ஆம் தீர்மானத்தின் மூலம், சோமாலிய இடைக்கால அரசின் சம்மதத்தோடு, வெளிநாட்டுக் கடற்படைகள் அந்த 12 மைலுக்குள்ளும் போகலாம் என்றது. அந்த அனுமதி புதுப்பித்துப் புதுப்பித்து 2022 மார்ச்சில் காலாவதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டலாண்டா படை, அமெரிக்கா முன்நின்ற கூட்டுப்படை, தனியாகச் சீனா, ரஷ்யா, இந்தியா என்று ஏடன் வளைகுடாவில் அப்போது ஒரு கடற்படைத் திருவிழாவே நடந்தது.

தவறுதலாக வேறு யாரையாவது சுட்டுவிட்டால்?

நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் நமது ஐஎன்எஸ் தபார், ஏடன் வளைகுடாவில் கொள்ளையரின் தாய்க்கப்பல் (அவர்களின் சிறு படகுகளுக்குத் தளமாக இருக்கும் பெரிய கப்பல்) என்று ஒன்றை மூழ்கடித்தது. முதலில் பாராட்டு குவிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது கொள்ளையர் அன்றைக்குத்தான் கடத்தியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல், எகாவத் நாவா 5. உள்ளே கட்டிப்போட்ட மீனவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் உயிரோடு மீண்டார். எதிர்த்தரப்பு சுட்டதால் தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டோம் என்றது கடற்படை.

போதிய காரணம் இல்லாமல் ஒரு கப்பலைப் பிடித்தால் அதன் கொடி நாட்டுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 106-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கொள்ளையர் கையில் இருந்த கப்பல் விஷயத்தில் அந்தப் பிரிவும் அதிகம் கைகொடுக்காது. பிணைக்கைதிகளோடு வருகிற தாய்க்கப்பலை என்ன செய்வது என்று சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அதைக் கடற்படைகள் பட்டுத்தான் கற்றுக்கொண்டன.

பிடித்த பிறகு என்ன செய்வார்கள்?

பல நேரம் விட்டுவிடுவார்கள். கேலியாகச் சொல்லவில்லை. 105-ஆம் பிரிவு விசாரிக்கலாம் என்கிறதே தவிர, விசாரித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு ஐரோப்பியக் கப்பல் பத்துப் பேரைப் பிடிக்கிறது. துப்பாக்கியும் ஏணியும் ஏற்கெனவே கடலில் போய்விட்டன. "நாங்கள் மீனவர்கள்" என்கிறார்கள். சாட்சி சொல்ல வேண்டிய மாலுமிகள் வேறு கப்பலில் வேறு கண்டத்துக்குப் போய்விட்டார்கள். நாட்டுக்குக் கொண்டுபோனால் வழக்கு, மொழிபெயர்ப்பாளர், சிறை, அப்புறம் அகதி விண்ணப்பம். கமாண்டர் என்ன செய்வார்? ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு, கொஞ்சம் டீசலும் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிடுவார். 2010 மே மாதம் மாஸ்கோ யுனிவர்சிட்டி என்ற எண்ணெய்க் கப்பலை மீட்ட ரஷ்யர்கள், பிடிபட்டவர்களைக் கரையிலிருந்து பல நூறு மைல் தூரத்தில் ரப்பர் படகில் விட்டார்கள். அவர்கள் கரை சேரவில்லை என்றுதான் ரஷ்யத் தரப்பே சொன்னது. இதையெல்லாம் சட்டத்தின் வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கென்யாவோடும் சேஷெல்ஸோடும் ஒப்பந்தம் போட்டு, பிடித்தவர்களை அங்கே அனுப்பினார்கள். கென்யாவில் 2010-இல் மொம்பாசா உயர் நீதிமன்றம் எங்களுக்கு அதிகார வரம்பே இல்லை என்றது, 2012-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. அமெரிக்காவில் மேர்ஸ்க் அலபாமா என்ற சரக்குக் கப்பலின் கடத்தலில் உயிரோடு பிடிபட்ட ஒரே கொள்ளையனுக்கு 2011-இல் 33 ஆண்டு 9 மாதம். ஹாம்பர்க்கில் தைபான் கப்பல் வழக்கில் பத்துப் பேருக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை. குற்றம் ஒன்று, தண்டனை கோர்ட்டுக்குக் கோர்ட் வேறு.

இந்தியாவில் எப்படி?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1999 அக்டோபர் 22 அன்று அலோன்ட்ரா ரெயின்போ என்ற கப்பல், இந்தோனேசியாவின் குவாலா தஞ்சுங்கிலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு ஜப்பானுக்குக் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கொள்ளையர் ஏறினார்கள். இரண்டு ஜப்பானியர், பதினைந்து பிலிப்பினோக்கள் என மாலுமிகள் பதினேழு பேர். ஒரு வாரம் அடைத்து வைத்துவிட்டு, உயிர்காப்பு மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் அலைந்தபின் தாய்லாந்து மீனவர்கள் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள்.

கப்பல் என்ன ஆனது? பாதிக்கு அருகிலான சரக்கை வழியில் இறக்கி விற்றுவிட்டு, பெயரை அழித்து "மெகா ராமா" என்று எழுதி, பெலீஸ் கொடியைக் கட்டிக்கொண்டு மேற்கே வந்தது. பெலீஸில் அப்படி ஒரு கப்பலே பதிவில் இல்லை. கோலாலம்பூரில் உள்ள கடற்கொள்ளைத் தகவல் மையம் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. நமது கடலோரக் காவல்படையின் தாராபாய் அரபிக் கடலில் துரத்தியது, கடற்படையின் ஐஎன்எஸ் பிரகார் சேர்ந்துகொண்டது. எச்சரித்துச் சுட்டும் நிற்கவில்லை. நவம்பர் 16 அன்று பிடிபட்டபோது கொள்ளையர்கள் ஆதாரத்தை அழிக்கக் கப்பலுக்குத் தீ வைத்து, மூழ்கடிக்கவும் பார்த்தார்கள். நம் வீரர்கள் தீயை அணைத்து மும்பைக்கு இழுத்து வந்தார்கள். உலகமெங்கும் பாராட்டு.

சரி, எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் வழிப்பறி இருந்தது, கூட்டுக் கொள்ளை இருந்தது, கடற்கொள்ளை இல்லை. மலாக்கா பக்கம் வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டுக் கப்பலில் செய்த குற்றத்துக்கு இருக்கிற பிரிவுகளை வைத்து ஒட்டுப்போட்டார்கள். 2003-இல் மும்பை செஷன்ஸ் கோர்ட் பதினான்கு பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. 2005-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது.

சர்வதேச உடன்படிக்கை "நீ தண்டிக்கலாம்" என்று அனுமதி மட்டும்தான் தருகிறது. தண்டிக்க உள்நாட்டில் சட்டம் இருந்தால்தான் ஆகும். இலங்கை 2001-லேயே கடற்கொள்ளைக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டது. நாம் அதற்கப்புறம் இருபது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டோம். நடுவில் 2011-இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் நம் கடற்படை 120 சோமாலியர்களைப் பிடித்து மும்பைக்குக் கொண்டு வந்தது. அப்போதும் தனிச் சட்டம் இல்லை.

இப்போது சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. கடற்கொள்ளைக்கு ஆயுள் தண்டனை வரை, அதில் உயிர் போனாலோ போக்க முயன்றாலோ மரண தண்டனை வரை. சீக்கிரமே அதற்கு வேலையும் வந்தது. 2023 டிசம்பரில் சோமாலியர் கடத்திய எம்வி ரூயென் என்ற மால்டா கொடிக் கப்பலை, 2024 மார்ச் 16 அன்று ஐஎன்எஸ் கொல்கத்தா சரணடைய வைத்தது. நாற்பது மணி நேர நடவடிக்கை. கமாண்டோக்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். மாலுமிகள் 17 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள், 35 கொள்ளையர்களும் உயிரோடு பிடிபட்டார்கள். ஒரு வாரத்தில் அவர்களை மும்பையில் போலீஸிடம் ஒப்படைத்தார்கள்.

கப்பலில் துப்பாக்கிக் காவலர் வைத்துக்கொள்ளலாமா?

கொடி நாடு அனுமதித்தால் வைக்கலாம். சோமாலியப் பகுதியில் கடத்தல் குறைந்ததற்கு இந்தக் காவலர்களும் ஒரு காரணம். ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஆயுதச் சட்டம் வேறு. கிட்டத்தில் வந்தால் நம் ஊர்ச் சட்டம் பாயும்.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் சீமேன் கார்டு ஓகையோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்தது. அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் கப்பல், சியரா லியோன் கொடி. சரக்குக் கப்பல்களுக்குக் காவலர்களை ஏற்றி இறக்கும் மிதக்கும் ஆயுதக் கிடங்கு. உள்ளே 35 பேர், துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள். உள்ளூர்ப் படகு மூலம் டீசல் வாங்கியதும் வெளிவந்தது. கொள்ளையரைத் தடுக்க வந்தவர்கள் ஆயுதச் சட்டத்தில் மாட்டினார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட்டில் ஐந்தாண்டு, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விடுதலை. கேள்வி அதேதான்: கப்பல் 12 மைலுக்கு உள்ளேயா வெளியேயா, உள்ளே என்றால் வேறு வழியில்லாமல் வந்ததா?

அதற்கு முன் 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், என்ரிகா லெக்ஸி கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். இடம், கரையிலிருந்து சுமார் 20 மைல். அவர்கள் அரசுப் படையினர் என்பதால் இந்தியா அவர்களைத் தண்டிக்க முடியாது, ஆனால் இத்தாலி நஷ்டஈடு தர வேண்டும் என்று 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. 10 கோடி ரூபாய் கட்டியதும் 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. கடற்கொள்ளை பயம் உச்சத்தில் இருந்த காலத்தில் அதற்கு விலை கொடுத்தது யார் என்று கேட்டால் நான் முதலில் அந்தப் படகைத்தான் சொல்வேன்.

பணயத்தொகை கொடுப்பது குற்றமில்லையா?

பொதுவாகக் குற்றமில்லை. மலேசியக் கப்பல் ஒன்று தொடர்பான காப்பீட்டு வழக்கில் 2011-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், பணயத்தொகை கொடுப்பது சட்டவிரோதமில்லை என்று தெளிவாகச் சொன்னது. உயிர்களை மீட்க வேறு வழியில்லை என்பதுதான் யதார்த்தம். அமெரிக்கா மட்டும் 2010-இல் தடைப் பட்டியல் போட்டு, அதில் உள்ளவர்களுக்குப் பணம் போகக் கூடாது என்றது. கொடுத்த பணத்தைக் கப்பல் முதலாளியும் சரக்கு உரிமையாளர்களும் பழைய கடல் வழக்கப்படி மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வார்கள், காப்பீடு ஈடுகட்டும்.

எப்போதும் பணம்தான் தீர்வு என்றும் இல்லை. 2017 மார்ச்சில் ஆரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பலோடு எட்டு இலங்கை மாலுமிகளைப் பிடித்தவர்கள், அதை வாடகைக்கு எடுத்தவர்கள் சோமாலிய வணிகர்கள் என்று தெரிந்ததும் சில நாளில் பைசா வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

பிடிபட்ட மாலுமிக்குச் சம்பளம் வருமா?

வர வேண்டும். 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுவதும் வேலை ஒப்பந்தம் செல்லும், அதன் காலம் முடிந்துவிட்டாலும்கூட. வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பணமும் அனுப்பப்பட வேண்டும்.

இது சும்மா வந்த திருத்தமில்லை. அஸ்பால்ட் வென்ச்சர் கப்பல் 2010 செப்டம்பரில் கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் பணயத்தொகை கொடுத்தார்கள், கப்பலும் எட்டு மாலுமிகளும் திரும்பினார்கள். இந்தியர் ஏழு பேரை மட்டும் கொள்ளையர் நிறுத்திக்கொண்டார்கள். மேலே சொன்ன அந்த 120 பேரை இந்தியா விடுவித்தால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். ஏழு பேரும் வீடு திரும்பியது 2014 அக்டோபர் கடைசியில். நாலு ஆண்டு.

கொள்ளையர் ஏறிவிட்டால் கப்பலில் என்ன செய்வார்கள்?

எஞ்சின் அறைப் பக்கம் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பறை இருக்கும், கப்பல்காரர்கள் "சிட்டடல்" என்பார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர்கூட வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது, வெளியோடு பேச ரேடியோ உள்ளே இருக்க வேண்டும். இந்த இரண்டும் உறுதியானால்தான் கடற்படை துணிந்து மேலே ஏறும். 2024 ஜனவரி 5 அன்று லீலா நார்ஃபோக் கப்பலில் 15 இந்தியர் உட்பட 21 பேர் இப்படித்தான் பிழைத்தார்கள். ஐஎன்எஸ் சென்னையிலிருந்து கமாண்டோக்கள் ஏறிப் பார்த்தபோது கொள்ளையர் ஏற்கெனவே ஓடியிருந்தார்கள்.

இந்தத் தொல்லை ஓய்ந்துவிட்டதா?

ஓய்ந்தது போல இருந்தது. 2010-இல் உலகம் முழுக்க 1,181 மாலுமிகள் பணயக்கைதிகளானார்கள். 2012-க்குப் பிறகு சோமாலியப் பக்கம் மளமளவென்று குறைந்தது. 2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலின் "அதிக அபாயப் பகுதி" என்ற அடையாளத்தையே கப்பல் தொழில் அமைப்புகள் எடுத்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ரூயென் கடத்தப்பட்டது.

மகன் கப்பலுக்குப் போகிறான். நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஏஜென்டுக்கு மத்தியக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிம எண் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். உரிமமில்லாத ஏஜென்ட் மூலம் போனவன் மாட்டிக்கொண்டால் அவன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே நாள் போய்விடும். கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கட்டும். கப்பலின் பெயரைவிட அதன் ஐஎம்ஓ எண்தான் முக்கியம். பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண் அது, ஏழு இலக்கம், அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மெகா ராமா கதையில் பார்த்தீர்களே, பெயரை ஒரு டப்பா பெயிண்ட்டில் மாற்றிவிடலாம்.